கண் திறக்காத படம்

எங்கள் தோட்டத்து மாதா கோயிலை ஒட்டி ஒரு மண்டபம் இருக்கிறது. அதில் கேரம் போர்டுக்கு நேர் மேலே ஒரு படம் தொங்குகிறது. அங்கே போகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சல் வருகிறது. படத்தின் மேல் அல்ல. படம் நல்ல படம். அதற்குக் கீழே லாமினேட் பண்ணி ஒட்டியிருக்கிறார்களே ஒரு காகிதம், அதன் மேல்தான். அதில் எழுதியிருப்பது உண்மையில்லை. கிழித்துப் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தக் காகிதம் இருக்கிற தைரியத்தில்தான் படத்தையே மாட்டியிருக்கிறார்கள்.

பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்கும் பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் நடுவே ஆட்டோ ஓட்டுவது என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பின்சீட்டிலிருந்து வந்தது. ஏறுகிறவர்கள் பேசுவார்கள், நான் காதைக் கொடுப்பேன். மரக்கறி மூட்டையோடு ஏறின ஒரு அம்மா, "இந்தப் பண்டாரவளை மழை எங்க நாத்தனா மாதிரிங்க, போறேன் போறேன்னு சொல்லிட்டு வாசல்லயே நிக்கும்" என்றார். கொஸ்லந்தைக்குப் போன ஒரு பெரியவர் தன் மருமகனைப் பற்றி, "நல்ல பையன்தான், சீனி போட மறந்த தேத்தண்ணி மாதிரி இருப்பான்" என்றார். இப்படிக் கிடைப்பதையெல்லாம் நான் விடமாட்டேன். அடுத்து ஏறுகிறவரிடம் சொல்லிச் சிரிக்க வைப்பேன். பேச்சு விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிறந்து துறவியானவர் ஒரே ஒருவர். மலைக்கு மேலே இருக்கிற மடத்தில் இருக்கிறார். அவர் பூசை வைக்கிற குருவானவர் இல்லை, துறவி மட்டும்தான். ஆனாலும் ஊரே அவரைச் சாமி என்றுதான் கூப்பிடும். படம் வரைவார். மடத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஆண்டவரின் கடைசி இராப்போசனத்தை வரைந்திருக்கிறார். அந்த மேசையில் இருப்பது கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும். ஒரு சீடர் ரொட்டியை மடித்து வாயில் வைக்கிறதைப் பார்த்தால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரேதான்.

மடத்துக்கு வாராவாரம் சாமான் ஏற்றிக்கொண்டு போவது நான். சாமிக்குச் சீனி வியாதி. பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதாமாதம் கூட்டிப் போவதும் நான்தான். ஆட்டோ முதல் வளைவு திரும்புவதற்குள் தூங்கிவிடுவார். ஹாலிஎல தாண்டி, பதுளை டவுன் இரைச்சல் கேட்டால்தான் எழுந்திருப்பார்.

மண்டபத்துக்குப் புதுத் தகரம் போட்ட பிறகு, மாதா திருவிழாவுக்கு முன்னால் சாமியின் படம் ஒன்றை அங்கே மாட்ட வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு பண்ணியது. கமிட்டித் தலைவர் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சாதாரணமாகப் பேசினாலே எதிர் மலைக்குக் கேட்கும். போட்டோ ஒன்று எடுத்து, பின்னால் மேகம் வைத்து, டவுனில் பெரிதாக்கி வாங்குவதாக அவர் திட்டம். சாமியிடம் கேட்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது.

சாமி சிரித்தார். "மேகத்துக்கு நடுவுல நிக்கிற அளவுக்கு நான் இன்னும் வேலைய முடிக்கல தம்பி. போட்டோ வேணாம். நானே என்னை வரைஞ்சு தர்றேன்னு சொல்லு."

திருவிழாவுக்குள் படம் மண்டபத்தில் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு என்று கமிட்டிக்கு வாக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமலே கொடுத்தேன். அதுதான் என் வாய்.

அவர் வரைகிற அறை மடத்து மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே டர்பன்டைன் மரங்கள் நின்றன. உள்ளே பெயின்ட் கரைக்கிற டப்பாவிலும் அதே வாசம். சவரக் கண்ணாடி ஒன்றை ஆணியில் மாட்டி, அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் போனபோது வரைந்ததைச் சுரண்டியிருந்தார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. திருவிழா நெருங்கிக்கொண்டிருக்கிறது, இவர் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

"நல்லாத்தானே சாமி இருந்திச்சு?"

"கண்ணாடியப் பாத்தா வேலைக்கு இன்டர்வியூ போன மூஞ்சி வந்துருது. என் மூஞ்சி அது இல்ல. கண்ண மூடிக்கிட்டு இருக்கிற மாதிரி வரையணும்."

"கண்ண மூடிட்டா கண்ணாடியில எப்படிங்க பாப்பீங்க?"

"அதான் எனக்கும் தெரியல."

போன் எதற்கு இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ கண்ண மூடுங்கனு சொன்னது இதுல தெரியுது" என்று திருப்பித் தந்துவிட்டார். பிறகு பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நீ பாத்துச் சொல்லு. ஊர்க்கதையெல்லாம் பேசுறவன்தானே. நீ சொல்லு, நான் வரையிறேன்" என்றார்.

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"சொல்லு."

"நல்லா இருக்குங்க சாமி."

"கத்தரிக்காயும் நல்லாத்தான் இருக்கு. மூஞ்சியச் சொல்லு."

அமைதியான முகம் என்றேன். அது சாவு அறிவித்தலில் போடுவது என்றார். தெய்வீகமான முகம் என்றேன். கண்ணைத் திறந்து, நான் கொண்டுபோன சாமானைச் சரிபார்க்கப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தனை பேருடைய பேச்சையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், ஒரு மனிதருடைய முகத்தைச் சொல்ல அதில் ஒன்றும் தேறவில்லை. வழியெல்லாம் கியரின் மேல் அந்த ஆத்திரத்தைக் காட்டிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்காரியிடம் புலம்பினேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "இத்தனை வருசத்துல என் மூஞ்சி எப்படி இருக்குனு ஒரு வார்த்தை வந்திருக்கா இந்த வாயில? சாமி மூஞ்சியச் சொல்லப் போனாராம்."

"உன் மூஞ்சிக்கு என்ன?"

"என்னவா? சொல்லுங்களேன் பாப்போம்."

அடுப்பு வெளிச்சத்தில் அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். மூடினேன்.

"போதும், ரொட்டியத் தின்னுங்க" என்றாள்.

அவளுடைய கேலியில் ஒரு நன்மை நடந்தது. அடுத்த வாரம் நல்ல வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டு, கண்ணில் பட்டதை மட்டும் சொன்னேன். "இடது பக்க இமை சரியா மூடல சாமி. நம்ம லயத்து ஜன்னல் பலகை மாதிரி. சாத்தினாலும் ஒரு கீத்து வெளிச்சம் உள்ள வரும்."

"ம்" என்றார். கண்ணைத் திறந்து, படம் வரைகிற பலகைக்குப் போனார், ஒரு கோடு இழுத்தார், திரும்ப வந்து கண்ணை மூடினார். "இன்னும்."

"வாய் என்னமோ சொல்ல வந்து நிக்குது. காலையில பெரட்டுல, வேலைக்குப் பேரு கூப்பிடறதுக்கு முன்னால வரிசையில நிக்கிற ஆளு மாதிரி. கூப்பிட்டதும் 'ஆமாங்க'னு சொல்றதுக்கு ரெடியா இருக்கிற வாய்."

அதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார். "எங்க அப்பா" என்றார்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஓடியது என்றால் மாட்டுவண்டி ஓட்டம். ஒரு கோட்டுக்கு நான் பத்து வார்த்தை சொல்ல வேண்டும், அதில் ஒன்பதை அவர் தள்ளிவிடுவார். நெற்றிச் சுருக்கத்தை மழைக்கால மண்ரோட்டு டயர் தடம் என்றேன், எடுத்துக்கொண்டார். காதை முந்திரிக்கொட்டை என்றேன், "அது எல்லாருக்கும்தான்" என்று தள்ளினார். சொல்ல ஒன்றும் கிடைக்காத நேரத்தில், சும்மா இருக்க முடியாமல் அன்றைய பின்சீட்டுக் கதைகளைச் சொல்வேன். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி, சேவலுக்குத் தனி இடம் வேண்டும் என்று அடுத்த ஆளோடு மல்லுக்கட்டின அம்மாவின் கதையை ஒரு மத்தியானம் பூராவும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முகம் முடிந்தது.

படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஜன்னல் பலகையும் இருந்தது, பெரட்டும் இருந்தது, மண்ரோடும் இருந்தது. நான் சொன்ன எல்லாம் இருந்தது, ஆனால் அது அவராக இருந்தது.

பெட்ஷீட்டில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். மண்டபத்தில் கமிட்டி முழுவதும் கூடியிருந்தது. துணியை எடுத்தேன். கோயில் கூட்டுகிற அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏன்டாப்பா, சாமிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க. நேத்துகூட ரொட்டி தின்னாரு."

"அப்புறம் ஏன் இப்படி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் லயங்களில் ஒருவர் இறந்துவிட்டால் போட்டோக்காரர் வருவார். பெட்டியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்திப் பிடிப்பார்கள், குடும்பம் சுற்றி நிற்கும். அந்தப் படம் பிரேம் போட்டு வீட்டில் தொங்கும். கண்ணை மூடின முகம் என்று எங்கள் சுவர்களில் இருப்பது அது ஒன்றுதான். வேறு எந்தப் படத்திலும் எங்கள் ஆட்கள் கண்ணை மூடுவதில்லை. யாராவது இமைத்துவிட்டால் இன்னொன்று எடுக்கச் சொல்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? சாமிக்குத்தான் தெரியாததா? இரண்டு பேரும் அந்த லயத்தில்தான் பிறந்தோம். இமையையும் சுருக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு பேருக்குமே அது மறந்துபோயிற்று.

"உசிரோட இருக்கிறவரு படத்த இப்படி மாட்டினா நல்லதுக்கு இல்லீங்க" என்றாள் கூட்டுகிற அம்மா.

வாசலில் நின்று எட்டிப் பார்த்த தேத்தண்ணிக் கடைக்காரர் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஆள். அவரும் சேர்ந்துகொண்டார். "எங்க கோயில்லயும் செலைக்குக் கண்ணக் கடைசியாத்தான் தெறப்பாங்க. உங்க சாமி அந்த வேலைய மறந்துட்டு அனுப்பிட்டாரு போல."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"கண்ணத் தெறந்து கொண்டா, மாட்டுறேன்" என்று தலைவர் முடித்துவிட்டார்.

மறுபடி மலை ஏறினேன். சாமி கோபப்படுவார், அவரோடு சேர்ந்து நானும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவரோ, "நியாயந்தானே" என்றார்.

"என்னங்க சாமி நியாயம்?"

"அவங்க மண்டபம், அவங்க சுவரு. ஆனா நான் தெறக்க மாட்டேன். தெறந்தா மறுபடி அந்த இன்டர்வியூக்காரன் வந்து உக்காந்துருவான். நீ தெற."

பழைய மாஜரின் டப்பா ஒன்றில் கொஞ்சம் பெயின்ட் டியூபும் மெல்லிய பிரஷ் ஒன்றும் போட்டு நீட்டினார்.

"சாமி, நான் ஆட்டோ ஓட்டுறவன்."

"பாதிப் படம் நீ சொன்னதுதானே. மிச்சத்தையும் உனக்கு நீயே சொல்லிக்க."

இப்படி ஒரு மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன்.

படத்தை வீட்டில் இரண்டு நாற்காலியின் மேல் சாய்த்து வைத்து, பிரஷ்ஷை எடுத்தேன். திறக்க எனக்கு மனமில்லை, அது வேறு. ஆனால் திறக்காவிட்டால் படம் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கும். மனதைக் கல்லாக்கிக்கொண்டு பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுபோனேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவருடைய கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

சத்தியமாகத் தெரியவில்லை. பெரிதா, சிறிதா, கறுப்பா, பழுப்பா, ஒன்றும் தெரியவில்லை. ஆட்டோவில் தூங்குவார். படம் வரைகிற அறையில் கண்ணை மூடியிருப்பார், திறந்தால் பலகையைப் பார்ப்பார். மற்ற நேரம் எதிரே வந்தால் நான் கைகூப்பி, "தோத்திரம் சாமி" என்று தலையைக் குனிந்துவிடுவேன். நெற்றியில் சிலுவை போடுவார். நான் நிமிர்வதற்குள் அவர் நகர்ந்திருப்பார். எனக்கு நன்றாகத் தெரிந்தது அவருடைய செருப்பு.

"என்ன, சிலையா நிக்கிறீங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"சாமி கண்ணு எப்படி இருக்கும்?"

யோசித்தாள். "நல்லா இருக்கும்" என்றாள். பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்குப் படத்தையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போனேன். "சரிங்க தலைவரே, தெறக்கிறேன். இங்கயே தெறக்கிறேன். கண்ணு எப்படி இருக்கும்னு யாராச்சும் சொல்லுங்க."

"இது என்ன பெரிய விசயம்? பெரிய கண்ணு. அவங்க அப்பா மாதிரி."

"இல்லீங்க, சின்னக் கண்ணு" என்றாள் கூட்டுகிற அம்மா.

"நீ பாத்தியா?"

"தோத்திரம் சொல்றப்ப நிமிர்ந்து பாக்க முடியுங்களா? நீங்க பாத்தீங்களா?"

போன்களை எடுத்துத் தேடினார்கள். ஒன்றில் சாமி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். இன்னொன்றில் ஒரு பிள்ளையின் தலையில் கைவைத்துக் குனிந்திருந்தார். மற்றதிலெல்லாம் தலைவர்தான் முன்னால் நின்றார். கடைசியில் சாமியின் கூடப்பிறந்த அக்காவைக் கூட்டிவந்தார்கள். இன்னும் எங்கள் லயத்தில்தான் இருக்கிறார்.

"அக்கா, தம்பி கண்ணு எப்படிங்க இருக்கும்?"

"அவன் மடத்துக்குப் போனதிலேருந்து நானும்தான் கையெடுத்துக் கும்பிட்டுக் கீழ பாக்கிறேன். சின்னதுல தொரை பங்களாவுல பேரிக்கா திருடிட்டு வந்து என்னை ஒரு பார்வை பாப்பான். அந்தக் கண்ணுதான் எனக்குத் தெரியும்."

"அதச் சொல்லுங்க, போட்டுர்றேன்" என்றேன்.

"திருட்டு முழிய மாதா கோயில் மண்டபத்துலயா?" என்று தலைவர் எழுந்துவிட்டார்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. படத்துக்குக் கிட்டே போய், முகத்தை அதனருகே வைத்துப் பார்த்தார். "என்னமோ செத்தவன் மாதிரினு சொன்னாங்க. செத்தவனுக்கு வாய் இப்படியா இருக்கும்? யாரோ பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்கான்" என்றார்.

ஆமாங்க அக்கா, அதேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தலைவர் மேசையில் தட்டினார்.

"அதான்! ஆண்டவரு பேசுறாரு, சாமி கேக்கிறாரு! அப்படி எழுதி ஒட்டிட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. கண்ண அடுத்த திருவிழாவுக்குத் தெறந்துக்கலாம். அதுக்குள்ள இவன் பாத்து வைக்கட்டும்."

கை தட்டினார்கள். நான் என்ன செய்வேன்? ஆண்டவர் இல்லை ஐயா, நான்தான் பேசினேன், அதுவும் ஒரு சேவல் கதை என்று அந்தச் சபையில் சொல்ல முடியுமா? டவுனுக்குப் போய் அந்தக் காகிதத்தை அச்சடித்து, லாமினேட் பண்ணி வாங்கிவந்ததும் நான்தான். "ஆண்டவரின் குரலுக்குச் செவிசாய்க்கும் நம் துறவி." பூப்போட்ட எழுத்தில்.

திருவிழா அன்று சாமி வந்தார். படத்துக்கு முன்னால் நின்று காகிதத்தை வாசித்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, நேராக என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் பழக்க தோஷத்தில் கைகூப்பித் தலையைக் குனிந்திருந்தேன்.

"என்னப்பா, சேவல் அவ்வளவு பெரிய ஆளாயிருச்சா?" என்று என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார். நிமிர்ந்தபோது முதுகுதான் தெரிந்தது.

போன மாதம் பதுளை கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இன்றைக்கு விடுவதில்லை என்று பின்னால் பார்க்கிற கண்ணாடியை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தேன். முதல் வளைவிலேயே தூங்கிவிட்டார். அவர் எழுந்தபோது டவுன் நெரிசலில் என் கண் ரோட்டை விட்டு எடுக்க முடியவில்லை. பதுளையில் அவர் இறங்குகிற நேரம் பின்னால் ஒரு பஸ் ஹாரனை அடித்துத் தொலைத்தது, நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். சரி, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சீனி வியாதிக்காரர்களுக்குக் கண்ணும் பார்ப்பார்களாம். மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். வெளிச்சம் கூசுகிறது என்று ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு வந்து ஏறினார்.

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஒன்றும் பேசாமல் ஓட்டினேன். தெமோதரைப் பக்கம் வரும்போது கண்ணாடியைப் பார்த்தேன். இடது இமை சரியாக மூடவில்லை. வாய் பெரட்டில் நின்றது.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? ஏதாச்சும் சொல்லு. கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

சொன்னேன். காலையில் ஏறின ஒரு ஆளைப் பற்றி. வேறென்ன செய்ய?

அவரை மடத்தில் விட்டுவிட்டு இறங்கி வந்தால், தோட்டத்து முச்சந்தியில் தலைவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார்.

"பாத்தியா? என்ன கலரு?"

சீட்டுக்கு அடியில் மாஜரின் டப்பா ஒரு தடவை உருண்டது.

"பாக்கலீங்க."

"பதுளைக்கே போயிட்டு வந்தும் பாக்கலியா? நீயெல்லாம் ஒரு டிரைவரு!" என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "சரி சரி, வீட்டுல எறக்கி விடு."